டேப்லெட் வேண்டாம், தம்பி

சோமா மாவட்டம், ஜாம்பியா
ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நான் இங்கே நலம். அங்கே அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீரும் நேரம் இது. அவராகச் சொல்ல மாட்டார், நீயே கேட்டு வாங்கிக் கொடுத்துவிடு.

உன் ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து, நான் உதவிக்கு வந்திருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் வாங்கி அனுப்பலாம் என்று எழுதியிருந்தாய். அந்த நல்ல மனசுக்கு என் நன்றியை அவர்களிடம் சொல். ஆனால் வேண்டாம். வாட்ஸப்பில் ஒரு வரியில் மறுத்தால் உன் மனசு நோகும், அதனால்தான் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன்.

லுசாகாவிலிருந்து லிவிங்ஸ்டன் போகிற பெருஞ்சாலையில் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது சோமா. அங்கிருந்து மண்பாதையில் வெகுதூரம் உள்ளே வந்தால் எங்கள் பள்ளி. கடல்மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டர் உயரம் என்பதால் இந்த மாதம் காலையில் நல்ல குளிர். பிள்ளைகள் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வருகிறார்கள், சிலர் ஒன்றரை மணி நேரம்கூட. நானும் ஸ்வெட்டரோடுதான் வகுப்புக்குப் போகிறேன்.

தங்குவதற்கு, வளாகத்துக்குள்ளேயே ஆசிரியர் வீட்டில் ஓர் அறை. மின்கம்பி இந்தப் பக்கம் வரவில்லை. கூரையில் சின்னதாக ஒரு சோலார் பலகை, அதில் இரண்டு விளக்கு எரியும், போன் சார்ஜ் ஆகும், அவ்வளவுதான். சமையல் கரியடுப்பில். தண்ணீருக்கு அடிபம்பு. அதை முதல் நாள் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன், நம் ஊர்த் தெருமுனையில் நிற்கிற அதே இந்தியா மார்க் டூ! 1970-களில் யுனிசெப் உதவியோடு வடிவமைத்து, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் சோதித்து, மெட்ராஸில் தயாரிக்கத் தொடங்கிய பம்பு. இன்று ஜாம்பியா கிராமங்களில் பரவலாக இருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது உண்மை. ஆனால் இதன் உயிர் இரும்பில் இல்லை. பழுதானால் வந்து பார்க்க, பயிற்சி பெற்ற பம்பு மெக்கானிக் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார். ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டு உதிரிப்பாகம் வாங்குகிறார்கள். நான் வந்த பிறகே ஒரு தடவை பழுதாகி, மறுநாளே தண்ணீர் வந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிளறும் நிஷிமா நம் களி மாதிரிதான், அதுவும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். தொட்டுக்கொள்ளப் பரங்கிக் கீரையை வேர்க்கடலைப் பொடி போட்டுச் சமைப்பார்கள். இங்கே டோங்கா மக்களுக்கு மாடுதான் செல்வம். வீட்டுக்கு வீடு பாலைப் புளிக்கவைத்து மபிசி என்று கெட்டியாக வைத்திருக்கிறார்கள், எனக்குத் தயிர் இல்லாத குறையே தெரியவில்லை. இந்த வருஷம் விளைச்சலும் நன்றாக இருக்கிறது. போன வருஷம் மழை பொய்த்து, 2024 பிப்ரவரியில் அரசாங்கமே தேசியப் பேரிடர் என்று அறிவித்தது. இந்தத் தென் மாகாணம் அதில் பெரிதும் அடிபட்டது. பசியோடு வந்த பிள்ளைகள் மதியத்துக்குள் மேசையில் தலை சாய்த்துவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது தலைமையாசிரியர் பேச்சை நிறுத்தி வெளியே பார்த்தார். நானும் மேலே கேட்கவில்லை.

வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022-இல் இந்த நாட்டில் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், 12-ஆம் வகுப்பு வரை இலவசம். அப்புறம் என்ன, வீட்டில் நின்றுபோன பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்தார்கள். அதே ஆண்டில் 30,000-க்கு மேல் ஆசிரியர்களைப் புதிதாக எடுத்தார்கள். நான் உதவி செய்யும் மூன்றாம் வகுப்பு டீச்சர் அப்படி வந்தவர்தான், படிப்பை முடித்துப் பல வருஷம் வேலைக்குக் காத்திருந்த பெண். அவர் வகுப்பில் எண்பது பிள்ளைகளுக்கு மேல். பெஞ்சு போதாமல் பாதிப் பேர் தரையில். அத்தனை பேரின் பெயரும், யார் எந்தக் கிராமம், யார் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

தினமும் ஒரு மணி நேரம் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கலைத்துவிட்டு, அவரவர் எவ்வளவு வாசிக்கிறார், எந்த எண் வரை தெரியும் என்று பார்த்துக் குழுவாகப் பிரிக்கிறார்கள். கேட்ச் அப் என்று பெயர். 2016-இல் இங்கே சோதனையாகத் தொடங்கியது, நம் நாட்டில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த முறை. எழுத்து தெரிந்தவர் ஒரு குழு, சொல் படிப்பவர் இன்னொன்று, பத்தி படிப்பவர் வேறொன்று. யார் எந்த வகுப்பு என்ற பேச்சே அங்கே கிடையாது. எண்ணில் தடுமாறும் பிள்ளைகளின் குழுவை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாடம் டோங்கா மொழியில் நடப்பதால் என் உச்சரிப்பைப் பிள்ளைகளே திருத்துகிறார்கள். அது நன்றாகவே இருக்கிறது, வாய் திறக்காத குழந்தைகூட என்னைத் திருத்துவதற்காகப் பேசுகிறது.

அந்தக் குழுவில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். விடியற்காலையில் மாடு மேய்த்துவிட்டு வருவான். தன் வீட்டு மாடு ஒவ்வொன்றையும் நிறம், கொம்பு, யாருடைய கன்று என்று சொல்வான், ஒன்று குறைந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பான். ஆனால் 42 எழுது என்றால் 402 என்று எழுதுவான். டீச்சர்தான் வழி காட்டினார். காய்ந்த புல் தண்டுகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, இது ஒரு தொழுவம், இதில் பத்து மாடு என்றார். நாலு தொழுவம், வெளியே ரெண்டு மாடு. பையன் கொஞ்ச நேரம் கட்டுகளையே பார்த்தான். பிறகு பலகையில் 42 என்று எழுதி, கேட்காமலே கீழே 53, 67 என்று எழுதிக்கொண்டே போனான். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பெடுத்த எனக்கு மாட்டுத்தொழுவம் தோன்றியிருக்காது. அந்தப் பையனின் வீட்டை அறிந்தவருக்குத்தான் தோன்றும்.

இதற்காகத்தான் தம்பி டேப்லெட் வேண்டாம் என்கிறேன். சார்ஜ் போட இடமில்லை, உடைந்தால் சரிசெய்ய இந்த வட்டாரத்தில் ஆளில்லை. திருடு போகாமல் காப்பதும் அந்த டீச்சர் தலையிலேயே விழும். நான் டிசம்பரில் கிளம்பிவிடுவேன், அவர் இங்கேதான் இருக்கப் போகிறார். அவர் கை ஓங்குவதற்கு உதவுவதுதான் என் வேலை. நான் இருக்கும்போது அவர் ஒரு குழுவிடம் முழுதாக உட்கார முடிகிறது, அதுவே பெரிய உதவி என்கிறார்.

போட்டோவும் அனுப்ப மாட்டேன். கிழிந்த சட்டையோடு நிற்கும் பிள்ளையை உன் ஆபீஸ் சுவரில் ஒட்டுவதை அந்தத் தாய் பார்த்தால் என்ன நினைப்பாள்? உன் மகள் படத்தை யாராவது அப்படி ஒட்ட நீ விடுவாயா?

பணம் சேர்ந்தே ஆகும் என்றால் சொல், இங்கே பெற்றோர் குழுவிடம் கேட்கிறேன். நோட்டும் சாக்பீஸும் சோமா கடைகளிலேயே கிடைக்கும், அந்த வியாபாரமும் இங்கேயே தங்கும். தூரத்துக் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் என்று சில அம்மாக்கள் ஏற்கெனவே பேசுகிறார்கள். சைக்கிள் என்றால் பஞ்சர் ஒட்டவும் செயின் மாற்றவும் இங்கே ஆள் உண்டு. எது என்று முடிவு செய்வது அவர்கள்தான், நீயும் இல்லை, நானும் இல்லை.

சனிக்கிழமை இங்கே நாலு மணிக்கு, உனக்கு இரவு ஏழரை, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய்க் கூப்பிடுகிறேன். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வை. பாப்பா இப்போது எந்த எண் வரை எழுதுகிறாள் என்று பார்த்து வை.

அன்புடன்,
அம்மா