மண் போட்டு மூடும் தறிக்குழிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். பின்பத்தியில் இருந்த தறிக்குழிக்குள் டிரக்டர் பெட்டியால் மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தினார்கள். மனது பொறுக்கவில்லை, எழுதுகிறேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் மருதமுனையில் அந்த நாளில் பெரும்பாலானோருக்கு வீடேதான் நெசவாலை. வாப்பா தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு மிதிப்பார், குறுக்கு நூலைக் கொண்டோடும் நாடா அங்கும் இங்கும் ஓடும். உம்மா ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது என் வேலை. மண்ணின் ஈரத்தில் நூல் சட்டென்று அறாது என்றுதான் குழி வெட்டுவது. வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் வாப்பா குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்காருவார். மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை தெரு முழுக்கத் தறிச்சத்தம்தான்.

1977க்குப் பிறகு இறக்குமதித் துணி மலிவாக வந்து குவிய, நாடெங்கும் பல கைத்தறிகள் நின்றுபோயின. இங்கும் பலர் தறியைக் கழற்றினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. மிஞ்சியதை இப்போது நாங்களே இடிக்கிறோம். யாரையும் குறை சொல்ல முடியாது. காணி சிறியது, பிள்ளைகளுக்கு வீடு வேண்டும்.

கொழும்பில் வெள்ளவத்தை நெசவாலை இருந்த காணியில் இன்று ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆனாலும் 1933இல் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்ற வேலைநிறுத்தத்தால் அந்த ஆலைக்குத் தொழிற்சங்க வரலாற்றில் ஓர் இடம் உண்டு. வீட்டுக்குள்ளேயே நெய்து முடிந்துபோன எங்கள் வாப்பாமாரை யார் எழுதி வைத்தார்கள்?

ஒரேயொரு பழைய நெசவு வீட்டையாவது கல்முனை மாநகர சபை பொறுப்பெடுக்க வேண்டும். தறிக்குழி, பாவு என்னும் நெடுக்கு நூலை ஓட்டும் முற்றம், சாயம் காய்ச்சிய அடுப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தறியை மட்டும் கழற்றிப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது சரிவராது. குழி இல்லாத குழித்தறியைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்? ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தானே இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் வயதான நெசவாளர்களிடம் போய், ஒரு சாரனுக்குப் பாவு பூட்டுவதிலிருந்து மடித்துக் கட்டுவதுவரை ஒலிப்பதிவு செய்யலாம். அந்த மூத்தவர்கள் சிலர் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள்.

வாப்பாவின் நாடா என்னிடம் இருக்கிறது. அவர் விரல் பட்ட இடம் தேய்ந்து வழவழப்பாகிக் கிடக்கிறது. அப்படியொரு வீடு அமைந்தால் அதைக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
நெசவாளி மகன் ஒருவர்,
மருதமுனை.