நிலவேம்புப் பொடி ஏன் இரண்டு மாதமாகக் கடையில் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

“நிலவேம்பு வந்திருச்சுங்களா?” என்று கோபியிலும் அந்தியூரிலும் இருந்து போன் செய்தவர்களிடம் “இன்னும் இல்லைங்க” என்று மட்டுமே சொல்லி வந்தோம். காரணத்தைப் போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

ஐப்பசியில் நான்கு மூட்டை வந்தது. ஒன்றைப் பிரித்துத் தார்ப்பாயில் கொட்டினோம். செடி நிலவேம்புதான், சந்தேகமில்லை. ஆனால் கையில் அள்ளியதெல்லாம் நாலு பட்டைத் தண்டு; இலை கொஞ்சம்தான். நிலவேம்பின் கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருள். அது இலையில்தான் அதிகம், தண்டில் குறைவு. பூக்கும் சமயத்தில் அறுத்ததா, முற்றி விதை கொட்டிய பிறகு அறுத்ததா என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். அரைத்துவிட்டால் எல்லாமே பச்சைப் பொடிதான்.

அப்புச்சி காலத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தே சரக்கு எடுத்தார்கள். இன்றும் முதல் சோதனை அதுதான். ஆனால் கசக்கிறது என்று சொல்லும் நாக்கு, எவ்வளவு என்று சொல்லாது. வேப்பிலையைக் கலந்தாலும் கசக்கும்.

அதனால் ஒரு கைப்பிடிப் பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பொடியை நிறுத்து மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் செலுத்துவார்கள். உள்ளே உள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளியே வந்து, தாளில் ஒரு மேடாகப் பதியும். எடை தெரிந்த சுத்தமான ஆண்ட்ரோகிராஃபோலைடின் மேட்டோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள். போன வருடத் தாளையும் இந்தத் தாளையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேடு அதே இடத்தில்தான் இருந்தது, உயரம் பாதிகூட இல்லை. நான்கு மூட்டையும் திரும்பிப் போனது. “எல்லாரும் இதைத்தாங்க வாங்கறாங்க” என்றார் வியாபாரி. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் கொடுக்கிற பொருளில் அந்தச் சமாதானம் எங்களுக்குப் போதவில்லை.

மஞ்சளுக்கும் இப்படித்தான். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனாலும் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருளின் அளவு ரகத்துக்கு ரகம், காட்டுக்குக் காடு மாறும். நிறத்தை மட்டும் அளந்தால் மெட்டானில் மஞ்சள் போன்ற சாயம்கூடக் குர்குமினாகத் தோன்றக்கூடும். பிரித்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலவேம்புக் குடிநீரில் மொத்தம் ஒன்பது சரக்கு. ஒரு பொருளின் அளவு முழு மருந்தின் அளவாகாது; காய்ச்சல் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமும் ஆகாது. காய்ச்சல் விடாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சரி, புதுச் சரக்கு தேறிவிட்டது. திங்கட்கிழமை முதல் கிடைக்கும். இலை அதிகம் என்பதால் விலை கொஞ்சம் கூடியிருக்கிறது. பாக்கெட்டில் உள்ள சரக்கு எண்ணைச் சொன்னால் ஆய்வுத் தாளை எடுத்துக் காட்டுவோம். மதியம் 2 முதல் 4 வரை மட்டும் கடை சாத்தியிருக்கும்.