பாப்பாவுக்கு, தங்கவயலிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். உன் நலமறிய ஆவல். ஃபோனில் அழைத்தால் கூடி வாசிக்கிற ஜாமிங் இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். யாரோடு ஜாமிங் என்று கேட்க வாய்வரை வந்தது; கேட்கவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடிந்தபின் நிதானமாகப் படி.

அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. பின்னறைக் கூரையில் தகரம் மாற்றியாகிவிட்டது, உன் பழைய டிரம் செட் இனி நனையாது. சுசீந்திரம் அத்தை மகளுக்கு நிச்சயம் முடிந்தது. மற்றபடி சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. போன வாரம் உன் பேண்டின் கிட்டார்காரனின், நாம் தம்பி என்றே கூப்பிடுகிறவனின், அம்மா வந்திருந்தார். தம்பி தன் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பையும் இரண்டு கிட்டார்களையும் உங்கள் ஜாம் ரூமிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். காரணம் அவருக்கும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் காபி ஆறும்வரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். நான் உன்னிடம் எதையும் விசாரிக்கப் போவதில்லை. நீ முப்பதைத் தாண்டியவள், உன் சம்பாத்தியத்தில் வாழ்பவள், உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

உங்களுடைய இசையைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுதுகிறேன். ராக் இசையில் பங்க் என்ன, மெட்டல் என்ன என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ நினைக்கலாம். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மேலே நீங்கள் இருவரும் பத்து வருடம் போட்ட சண்டையில் எனக்குத் தெரிந்ததுதான் பாதிக்கு மேல்; மீதியை அதன்பிறகு நானே தேடிப் படித்தேன். தம்பிக்கு ஒரு பாட்டு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பொறுக்காது. மூன்று கார்டு, ஒரு கோபம், முடிந்தது என்பான். உனக்கோ ஏழு நிமிடம் வேண்டும். அதற்குள் வேகம் நான்கு முறை மாற வேண்டும், கிட்டார்கள் இரண்டும் ஒன்றையொன்று துரத்த வேண்டும். அவன் டிஸ்சார்ஜ் என்ற பங்க் பேண்டின் டி-பீட் தாளத்தை வாசிக்கச் சொல்வான். நீ அதே வேகத்தில், கிக் டிரம்மை இரு காலாலும் அடிக்கும் இரட்டை பெடலை உருட்டுவாய். அவன் கிட்டாரைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவான். அடுத்த ஐந்தாவது நிமிடம் அம்மா வடை கொடுத்து உள்ளே அனுப்புவாள்.

அந்த இரட்டை பெடல் யார் வாங்கியது என்பது உனக்கு மறந்திருக்காது. தன் முதல் மாதச் சம்பளத்தில், பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் வண்டியில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் மடியிலேயே வைத்துக்கொண்டு தம்பி கொண்டுவந்தான். டிரம்முக்கு ஒரு கால் போதும், இரண்டு கால் எதற்கு என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவன் அவன்தான். அன்று இரவே நீ அதைக் கிக் டிரம்மில் பொருத்தி வாசித்தாய். நம் லைன் வீட்டின் தட்டிச் சுவரில் ஆணியில் தொங்கிய சல்லடை, நீ இரு காலையும் மாற்றி மாற்றி மிதிக்க மிதிக்க, மெல்லச் சுழன்று சுவரில் ஒரு வட்டத்தைக் கீறிவிட்டது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குப் பிடிக்காத இசை அது. ஆனாலும் அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

காதுக்கு பிளக் வைத்துக்கொள்கிறாயா? வைத்துக்கொள்.

2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் பேண்ட் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது உங்கள் இருவரையும் நான்தான் அழைத்துப்போனேன். தெருவே கேள்வி கேட்டது. உங்களைவிட உயரமானவர்களின் தோள்களுக்கு இடையே நின்றுகொண்டு நீ ஒவ்வொரு வரியையும் கூடவே பாடினாய். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர்களுடைய முதல் இரண்டு ஆல்பங்களில் பாடிய பால் டியானோவின் முரட்டுக் குரல்தான் அவனுக்குப் பிடித்தது. டியானோவுக்குப் பின் பாட வந்த புரூஸ் டிக்கின்சனை அவன் ஏற்றுக்கொள்ளவே இல்லை. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் விடியற்காலை வண்டிக்காகக் காத்திருந்தபோது, பங்க் வாசனை வந்ததால்தான் டியானோவை 1981-இல் அனுப்பிவிட்டார்கள் என்று அவன் சாதித்தான்; அந்த பேண்டை நடத்தும் ஸ்டீவ் ஹாரிஸுக்குப் பங்க் ஆகாது என்பதால் அவனுக்கு அப்படித் தோன்றியது. பிறகு நான் படித்துப் பார்த்தேன். டியானோ விலக நேர்ந்தது போதைப் பழக்கத்தினாலும் மேடைக்குத் தயாராக இருக்க முடியாமல் போனதாலும்தான், இசை ரசனையால் அல்ல. அவரே பின்னாளில் அந்தப் பழக்கத்தை மறைக்கவில்லை. இதைத் தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன். நீ அவனிடம் சொல்.

நீ எப்போதும் சத்தியம் செய்கிற ஸ்லேயர் பேண்டையே எடுத்துக்கொள். 1981-இல் கலிபோர்னியாவில் அந்த பேண்டைத் தொடங்கிய இரு கிட்டார்காரர்களில் கெர்ரி கிங் வந்த வழி ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் வழி. ஜெஃப் ஹன்னமன் கொண்டுவந்ததோ பிளாக் ஃபிளாக், டெட் கென்னடிஸ், மைனர் திரெட் என்று முழுக்க ஹார்ட்கோர் பங்க். டெட் கென்னடிஸின் ஸ்டிக்கரைக் கிட்டாரிலேயே ஒட்டிக்கொண்டு மெட்டல் மேடையில் நின்றவர் அவர். 1986 அக்டோபரில் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தில் பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடம்கூட இல்லை. முழு ஆல்பமும் கேசட்டின் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டதால் அதையே மறு பக்கத்திலும் திரும்பப் பதிந்து விற்றார்கள். அந்தச் சுருக்கமும் வேகமும் பங்க்கிலிருந்து வந்தவை. கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் அந்த ரிஃப்களின் கூர்மையும் கனமும் மெட்டலிலிருந்து வந்தவை. இருவரில் ஒருவர் ஜெயித்து மற்றவரை வெளியே அனுப்பியிருந்தால் அந்த 29 நிமிடம் உலகத்துக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் கேள். அதே ஹன்னமன் 1980-களின் நடுவில் சில நண்பர்களோடு சேர்ந்து தனியாகப் பங்க் பாட்டுகள் எழுதினார். தனி பேண்ட் வைத்தால் இருக்கிற பேண்ட் உடையும் என்று தயாரிப்பாளர் ரிக் ரூபின் சொல்ல, அதை விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பாட்டுகள் வீணாகவில்லை. 1996-இல் ஸ்லேயர் பெரும்பாலும் பங்க் பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டபோது, அவற்றில் இரண்டை எல்லோருமாகச் சேர்ந்து வாசித்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஒருவர் பெட்டியில் கிடந்ததை மற்ற மூவரும் எடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தம்பியிடமும் அப்படி ஒரு பெட்டி நிறையப் பாட்டு இருக்கிறது. பின்னறையில் அவன் தனியாக வாசித்துப் பதிந்தவை நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கின்றன. அம்மா தூங்கியபின் நான் அவற்றைக் கேட்கிறேன். டிரம் இல்லாமல் கேட்க அவை நொண்டுகின்றன. நான் அவனைக் குறை சொல்லவில்லை. அவன் நடுவில் நடுவில் வாசிப்பதை நிறுத்தி, உனக்கான இடத்தை வெறுமனே விட்டிருக்கிறான்.

மெட்டாலிக்கா என்ற மெட்டல் பேண்டில் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டனைப் பற்றி நீயேதான் எனக்குச் சொன்னாய். தன் கூட்டாளிகளை மிஸ்ஃபிட்ஸ் என்ற பங்க் பேண்டின் பாட்டுகளைக் கேட்க வைத்துப் பழக்கியவர் அவர். பயண வண்டியில் அவர் அதையே திரும்பத் திரும்பப் போட, மற்றவர்களுக்கு முதலில் அலுத்ததாகவும் பிறகு பிடித்துப்போனதாகவும் நீ சொன்னதுண்டு. 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து அவர் இறந்தபோது வயது 24. மறு வருடம் மற்றவர்கள் வெளியிட்ட சிறிய ரெக்கார்டில் மிஸ்ஃபிட்ஸின் இரண்டு பாட்டுகளை ஒன்றாக்கி வாசித்தார்கள். இதைச் சொல்லும்போது உனக்குத் தொண்டை அடைத்தது எனக்கு நினைவிருக்கிறது. கூட இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும், பாப்பா. கூட இருக்கிறவனின் பாட்டைக் கூட இருக்கும்போதே கேட்டுக்கொள்.

செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் பேண்டில் நடந்தது உனக்குத் தெரியும், நீட்டி எழுதவில்லை. 1977-இல் அதில் பேஸ் வாசித்த கிளென் மாட்லாக் போனபோது, அவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசினார் என்று மேனேஜர் பத்திரிகைக்குத் தந்தி அடித்தார். தானாகத்தான் விலகினேன் என்பது மாட்லாக்கின் கூற்று. அவர் இடத்துக்கு வந்த சிட் விஷஸுக்கு பேஸ் வாசிக்கவே சரியாகத் தெரியாததால், அந்த வருடம் வந்த ஆல்பத்தில் பெரும்பாலும் கிட்டார்காரர் ஸ்டீவ் ஜோன்ஸே பேஸையும் வாசித்தார். ஆனால் அதிலுள்ள பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர்களில் மாட்லாக்கும் ஒருவர். 1996-இல் அவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது அவரைத்தான் அழைத்தார்கள். நடுவில் போன வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

நீ பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் நம் லைனில் ஒரு பெண்பிள்ளை டிரம் வாசித்திருக்க முடியாது. சர்ச்சில் ஏலம் விட்ட அந்தப் பழைய செட்டை நான் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. பெங்களூர் மேடையில் உன் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்திய அன்று, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பையனிடம் அது என் மகள் என்று சொன்னேன். அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அதே பிடிவாதத்தோடு நீ ஒருவரோடு பேசாமல் இருந்தால் அது எத்தனை வருடம் போகும் என்பதும் எனக்குத் தெரியும். பெரியப்பா வீட்டு விஷயத்தில் பார்த்திருக்கிறோம். எங்களிடமும் நீ பேசாமல் இருக்கிறாய். அம்மா தினமும் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே காய் நறுக்குகிறாள்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடும்வரை நான் ஷாஃப்ட்டில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவன். கூண்டில் இறங்குகிறவர்கள் யாரும் என் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். கீழே இருக்கும் பெல்மேன் அடிக்கும் மணியை எண்ணித்தான் நான் கூண்டை ஏற்றவும் இறக்கவும் நிறுத்தவும் வேண்டும். எங்கள் ஷிஃப்டில் இருந்த பெல்மேன் வேறு சங்கத்துக்காரர், வேறு கட்சிக்காரர். மேலே வந்தால் டீக்கடையில் எனக்கு எதிர்ப்பக்கம்தான் உட்காருவார். ஆனால் ஷிஃப்டில் அவர் மணியை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை, என் கையை அவரும் சந்தேகித்ததில்லை. நீயும் தம்பியும் வாசிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும். அவன் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பான். நீ ஸ்நேர் டிரம்மில் ஓர் அடி தள்ளி அடித்தால் திரும்பிப் பார்க்காமலேயே அவன் கை நிற்கும். இப்படி ஓர் ஆளை விளம்பரம் கொடுத்துத் தேட முடியாது. உங்கள் பேண்டுக்கு வேறு கிட்டார்காரர் கிடைப்பார், உன்னைப்போலவே மெட்டல் பிடித்தவராகவே கிடைப்பார், நான் மறுக்கவில்லை. ஆனால் உனக்குப் பிடித்ததையே உனக்குத் திருப்பி வாசிக்கும் ஒருவரோடு நீ எவ்வளவு தூரம் போவாய் என்று யோசித்துப் பார்.

அவனும் பிடிவாதக்காரன்தான்; தவறு ஒரு பக்கம் மட்டும் இருக்காது. அவன் இங்கே இருந்தால் அவனிடமும் இதையே சொல்லியிருப்பேன். யார் முதலில் பேசுவது என்று கணக்குப் பார்க்காதே. ஒரு ஷோவில் பாதி நேரம் அவனுடைய பாட்டு, பாதி நேரம் உன்னுடையது என்று வைத்துக்கொண்டால் என்ன? அல்லது அவன் தனியாக ஒரு பங்க் பேண்ட் வைத்துக்கொள்ளட்டும், உங்கள் ஆல்பத்துக்கும் வரட்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மணிக்கணக்காக வாசித்துவிட்டு வெறும் பிஸ்கட் சாப்பிட்டுப் படுக்காதே. காதுக்கு பிளக் வைத்துக்கொள். தம்பி ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே நிற்பவன், அவனையும் வைத்துக்கொள்ளச் சொல்.

சனிக்கிழமை நம் லைனிலிருந்து பெங்களூர் வருகிற ஆளிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் போட்டிருக்கிறாள். காரம் குறைந்தது உனக்கு. சிவப்பு மூடி போட்டது தம்பிக்கு. அவன் இப்போது எங்கே தங்கியிருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கே சரியாகத் தெரியாததால் இரண்டையும் உன்னிடமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய் கொஞ்சம் கசிகிறது. வைத்திருக்காமல் அந்த வாரத்துக்குள் அவனிடம் சேர்த்துவிடு.

அன்புடன்,
அப்பா