ரம்மி வேறு, வீடியோ கேம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து யாராவது உயிரை மாய்த்துக்கொண்டால், மறுநாள் பெட்டிக்கடையில் தொங்குகிற போஸ்டரில் 'ஆன்லைன் கேம் விபரீதம்' என்று கொட்டை எழுத்தில் வருகிறது, உள்ளே படித்தால்தான் கடன் ஆப்பில் வாங்கிய பணம், அடகுக்குப் போன நகை எல்லாம் தெரிகிறது, ஆனால் கூடப் போடுகிற படம் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற ஒரு பையன். அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2020-லேயே நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆன்லைன் ரம்மியை முறைப்படுத்தச் சட்டம் வேண்டும் என்றது. 2025-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டமும் பணம் கட்டி ஆடுவதைத்தான் தடுக்கிறது, போட்டியாக நடத்துகிற வீடியோ கேமான இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்கிறது. சட்டத்துக்குத் தெரிகிற வித்தியாசம் செய்தி எழுதுபவர்களுக்குத் தெரியாதா? (அப்புறம், அதே ரம்மிக்கு முழுப்பக்க விளம்பரம் வந்ததும் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.)

வீடியோ கேமில் கெடுதலே இல்லை என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனமே கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் படிப்பு, வேலை, வீட்டு மனுஷர்கள் எல்லாம் பின்னுக்குப் போய், பொதுவாக 12 மாதமாவது அப்படியே நீடித்தால்தான் அது நோய். தெப்பக்குளம் பக்கம் சாயங்காலம் நாலு பையன்கள் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து "டேய், ரிவைவ் பண்ணுடா" என்று கத்துவது அதில் சேராது.

இனி இப்படிச் செய்தி போட்டால் என்ன விளையாட்டு, எவ்வளவு கடன், யார் கொடுத்தது என்று எழுதுங்கள். கூடவே தற்கொலை எண்ணம் வருகிறவர்கள் கூப்பிட்டுப் பேசக்கூடிய 104 உதவி எண்ணையும் போடுங்கள்.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை