கப்பல் வராத காலனிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைவு ரோல்பிளே ஆட்டங்களை, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி ஆடும் கதை ஆட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஓர் இடத்தில் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. விண்மீன்களுக்கு இடையே வணிகம் நின்றுவிட்டால் வேறு கிரகங்களில் மனிதர்கள் குடியேறிய தூரத்துக் காலனிகள் ஒரே தலைமுறையில் அழிந்துவிடும், அதனால் கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் எப்படியாவது ஒரு சரக்குக் கப்பலை வரவழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். பல வருடங்களாக கேம் மாஸ்டராக ஆட்டம் நடத்தி வருகிறேன். அந்தக் கப்பலை வரவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தூரத்தைப் பாருங்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா செண்டாரி, 4.24 ஒளியாண்டு. வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒளியை முந்தும் எஞ்சினை ஆட்டத்தில் அனுமதித்துவிட்டால் பிரச்சினை இல்லை. அனுமதிக்காவிட்டால் இரும்பையும் தானியத்தையும் ஏற்றிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை.

அப்புறம் காலனி எதை வைத்துப் பிழைக்கும்? ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் கிடங்கைத்தான் எண்ணுகிறார்கள்: உணவு இத்தனை டன், எரிபொருள் இத்தனை டன். நான் ஆட்களை எண்ணச் சொல்கிறேன். 1977-ல் வெளிவந்த டிராவலர் என்ற ரோல்பிளே ஆட்டத்தில் ஒரு கிரகத்தின் மக்கள்தொகை, அரசு, தொழில்நுட்ப நிலை எல்லாமே பகடை உருட்டி முடிவாகும். சில நூறு பேர் மட்டும் இருக்கும் கிரகத்துக்கு மிக உயர்ந்த தொழில்நுட்பம் விழுந்துவிடுவதுண்டு. கப்பல் வந்து போகிற வரை அதில் தவறில்லை, வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள். கப்பல் நின்ற அன்றைக்கு, தாங்களே செய்யத் தெரிந்தது மட்டும்தான் அவர்களுடைய தொழில்நுட்பம்.

எங்கள் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 340 பேர் கொண்ட காலனி, கடைசிக் கப்பல் வந்து போய் அறுபது வருடம். தண்ணீரைச் சுத்திகரித்துச் சுற்றவிடும் பம்பில் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் கிழிந்துவிட்டது. கிடங்கில் மிச்சம் பதினொன்று என்றேன். ஒருவர் உடனே பென்சிலை எடுத்து, எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். ரப்பர் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் இறுகி வெடித்துப்போகும் என்று நினைவூட்டினேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் நான்குதான் தேறியது. மேசையைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, பசுமைக்குடிலில் வேலை செய்யும் கேரக்டரை ஆடியவர் கேட்டார்: "ரப்பர் வருவதற்கு முன்னால் பம்பே இல்லையா?"

இருந்தது. நாரைத் திரித்து, கொழுப்பிலோ எண்ணெயிலோ ஊறவைத்து, தண்டைச் சுற்றித் திணித்து இறுக்குவார்கள். கிளாண்ட் பேக்கிங் என்று இன்றும் மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அது சொட்டுச் சொட்டாகக் கசியும். அடிக்கடி ஒரு ஆள் ஸ்பேனரோடு போய் நட்டை முடுக்கிவிட வேண்டும். அன்று இரவு காலனி ஒரு படி கீழே இறங்கியது. பசுமைக்குடிலில் ஒரு பாத்தியை நார்ச்செடிக்கு ஒதுக்கினார்கள், அந்த அளவுக்கு உணவு குறைந்தது. பம்பைப் பார்த்துக்கொள்ள பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியை நியமித்தார்கள். இத்தனை வருடத்தில் நான் நடத்திய செஷன்களில் இதைவிடச் சிறந்தது இல்லை. அதில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

தெரிந்தே இப்படி இறங்குவதை வீழ்ச்சி என்று எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கணினிக்கான சிப் தயாரிக்க நூற்றுக்கணக்கான படிகள், ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திரம், தனி ரசாயனம். 340 பேரால் ஆகாது. கண்ணாடி ஊதத் தெரிந்த ஒருவரும் நல்ல பட்டறையும் இருந்தால், சிப் வருவதற்கு முன் ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய் செய்யலாம், ரேடியோ பேசும். இருக்கிற கணினிகளை மருத்துவத்துக்கும் காற்றுக்கும் ஒதுக்கிவிட்டு மற்றதெல்லாம் குழாயில் ஓடட்டும்.

காற்று என்றதும் பயோஸ்பியர் 2 நினைவுக்கு வருகிறது. 1991 செப்டம்பரில் அரிசோனாவில் எட்டுப் பேர் மூடிய கட்டடத்துக்குள் இரண்டு ஆண்டுகள் வாழப் போனார்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 14-க்கு இறங்கி, 1993 ஜனவரியில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டன. அது செடிகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. சுவரே மூச்சைத் திருடுகிறது என்று ஒரு கேம் மாஸ்டர் சொந்தமாக யோசித்துச் சொன்னால் யாராவது நம்புவார்களா?

ஆட்களை எண்ணுங்கள் என்றேன் அல்லவா? 1961-ல் அண்டார்டிகாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் இருந்த ஒரே மருத்துவர் லியோனிட் ரோகோசோவ். வயது 27. அவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. வெளியிலிருந்து விமானம் வர வழியில்லை. உடனிருந்தவர்கள் கண்ணாடியைப் பிடிக்க, மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டு, பெரும்பாலும் விரலால் தடவியே தன் வயிற்றைத் தானே அறுத்துச் சரிசெய்தார். பிழைத்தார். இரண்டாவது மருத்துவர் இல்லாத காலனி எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை. அதனால் என் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரு கேரக்டர் இறந்தால் அவருடைய தொழிலும் அவரோடு போய்விடும், முன்கூட்டியே ஒரு சீடரின் பெயரை எழுதிவைத்திருந்தால் ஒழிய. இந்த விதி வந்த பிறகு, பகடையைத் தொடுவதற்கு முன் யார் யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று பேசுகிறார்கள்.

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்றும் இருக்கிறது. சரக்கு வராவிட்டாலும் செய்தி வரும். பிராக்சிமாவிலிருந்து ரேடியோவில் பூமியிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர எட்டரை வருடம் ஆகும், ஆனால் வரும். எங்கள் பம்புப் பெண், செயற்கை ரப்பரை சின்னப் பட்டறையில் செய்வது எப்படி என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள். பதில் வரும்போது அவளுக்கு இருபத்திரண்டு முடிந்திருக்கும். அதற்குள் நார் பேக்கிங்கில் அவளுக்கே ஒரு சீடன் இருப்பான்.

அடுத்த இதழில் மாதிரிக் காலனி ஒன்றை வெளியிடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் சரக்கு விலைப்பட்டியலுக்கு ஒதுக்கும் பக்கத்தை ஆட்களின் பட்டியலுக்குக் கொடுங்கள்: யாருக்கு என்ன வேலை தெரியும், யாரிடம் யார் கற்கிறார்கள், எந்த வேலைக்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். கட்டுரையாளரும் அதை வைத்து ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்