ஆம்பூல் சீலிங் இயந்திரம்: வேகத்தைக் கடைசியில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில் பக்கச் செய்திகளானாலும் இயந்திர விளம்பரங்களானாலும், மருந்து ஆம்பூல்களை (மருந்து நிரப்பி, வாயை உருக்கி ஒட்டும் சிறு குப்பிகளை) மூடும் இயந்திரம் என்றதும் "மணிக்கு எத்தனை?" என்ற ஒரே கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. பிளாஸ்டிக் ஆம்பூல் விஷயத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒருவேளைக்கு மட்டுமான கண் சொட்டு மருந்து, நெபுலைசரில் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் கருவியில்) ஊற்றும் மருந்து, ஊசி மருந்தைக் கரைக்கும் நீர் என்று இந்த ஆம்பூல்களில் வருபவை பெரும்பாலும் கிருமித் தடுப்புப் பொருள் சேர்க்காதவை. கிருமி உள்ளே போகாமல் காப்பது 3, 4 மி.மீ. அகலமுள்ள அந்தச் சீல் மட்டுமே. புதிதாக வாங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, மருந்தில் எந்தக் கட்டத்தில் கிருமி நீக்கப்போகிறோம் என்பது. நிரப்பி மூடிய பிறகு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) 121 டிகிரி செல்சியஸில் வைப்பதாக இருந்தால் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தேவை. அதன் சாதாரண வகை ஏறத்தாழ 160 டிகிரியில்தான் உருகும். சாதாரண எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த, மிருதுவான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) 105 முதல் 115 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால், வடிகட்டிக் கிருமி நீக்கிய மருந்தைத் தூய சூழலில் நிரப்பும் முறைக்கே அது பொருந்தும். எல்டிபிஇ சற்று முன்பின் வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் அப்படியல்ல, சில டிகிரி குறைந்தால் ஒட்டாது, சில டிகிரி கூடினால் வழிந்துவிடும். "இரண்டையும் மூடும்" என்று விற்பவர் சொன்னால், இரண்டையும் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டரின் சக்தி போதாத இயந்திரம் பாலிபுரொப்பிலீனில்தான் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது, ஆம்பூலைத் தாமே வார்ப்பதா, வார்த்ததை வாங்குவதா என்பது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, குழாயாக இழுத்து, ஊதி, நிரப்பி, மூடுவதை ஒரே இயந்திரம் சில நொடிகளில் முடித்துவிடும் முறை ஒன்று உண்டு. ஒரே மருந்தைப் பெரிய அளவில் தயாரிப்பவர்களுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் மோல்டு (வார்ப்பு அச்சு) மாற்றப் பல மணி நேரம் போகும். வெப்பம் தாங்காத மருந்தை இன்னும் சூடு ஆறாத பிளாஸ்டிக்கில் ஊற்ற வேண்டியிருக்கும். உருகிய குழாயைச் சூடான கத்தி வெட்டும் இடத்தில் நுண்துகள் கிளம்பும். அடிக்கடி மருந்து மாற்றுகிற சிறு நிறுவனத்துக்கு, வார்த்து வந்த ஆம்பூல் பட்டைகளை நிரப்பி மூடும் இயந்திரமே ஏற்றது. இனி நாங்கள் சொல்வது அந்த இயந்திரம் பற்றி.

மூடும் முறைகளில் சூடான தாடை (ஆம்பூலின் வாயை இரு பக்கமும் கவ்வி அழுத்தும் உலோகப் பகுதி), சூடான காற்று, அல்ட்ராசானிக் (காதுக்கு எட்டாத அதிர்வால் உருக்குவது) ஆகிய மூன்றும் நடைமுறையில் உள்ளன. அல்ட்ராசானிக்கில் மருந்துக்குச் சூடு குறைவாகப் போகும். சீல் இடத்தில் லேசான ஈரம் இருந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால் எல்டிபிஇ மிருதுவானது, அதிர்வை விழுங்கிவிடும். தவிர, அதிரும் முனை தேயத் தேய ஒட்டும் பலம் மெல்லக் குறைந்துகொண்டே வரும், யாருக்கும் தெரியாமல். சூடான காற்று ஆம்பூலைத் தொடாமலே உருக்குவதால் பிளாஸ்டிக் தாடையில் ஒட்டி இழுபடுவதில்லை. ஆனால் காற்றைத் துல்லியமாக ஒரே இடத்தில் நிறுத்துவது கடினம். எல்டிபிஇ பட்டைக்கு எங்கள் பரிந்துரை, டெஃப்லான் பூசிய சூடான தாடையும் அதைத் தொடர்ந்து குளிர்நீர் ஓடும் அழுத்துத் தாடையும் கொண்ட அமைப்பு. குளிர்விக்கும் அந்த இரண்டாவது நிலை இல்லாத இயந்திரம் விலை மலிவாகக் கிடைக்கும். அதில் சீல் உறையும் முன்பே பட்டை நகர்ந்து, சுருக்கம் விழும்.

தாடையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 10 ஆம்பூல் பட்டையை ஒரே நீளத் தாடை மூடும்போது, இரு முனைகளும் நடுப்பகுதியைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். திரையில் தெரியும் எண்ணோ நடுவில் செருகியிருக்கும் ஒரே தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் சென்சார்) சொல்வது. எண் சரியாக இருக்கும். முதலாவதும் பத்தாவதும் கசியும். இரண்டு முனைகளிலும் தனி ஹீட்டர், தனி சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். தாடையின் முகத்திலேயே தொடு வெப்பமானியை வைத்து நடுவிலும் முனைகளிலும் அளந்து பாருங்கள். வெப்பம் எல்லையைத் தாண்டினால் மணி அடிப்பது மட்டும் போதாது. இயந்திரம் நிற்க வேண்டும். நின்றபோது தாடைக்கு இடையில் மாட்டிக்கொண்ட பட்டையைத் தானாகவே கழிக்கவும் வேண்டும். இதை ஆபரேட்டரின் நினைவுக்கு விடக் கூடாது.

பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் சீலின் மேலேயே அச்சாக அழுத்தும் இயந்திரங்கள் உண்டு. எழுத்து ஆழமாகப் பதியும் இடத்தில் சுவர் மெலிந்து, அங்கேயே ஊசித்துளை விழும். எழுத்து சீல் பகுதிக்கு வெளியே விழுமாறு தாடையை வடிவமைத்துத் தரச் சொல்லுங்கள். இது ஆர்டர் கொடுக்கும்போதே முடிவாக வேண்டும். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சீலில் வரும் கோளாறுக்குப் பல சமயம் சீலிங் காரணமே இல்லை. நிரப்பும் ஊசிதான் காரணம். ஊசி மேலே ஏறும்போது அதன் நுனியிலிருந்து ஒரு துளி வாய்ப்பகுதியின் உட்சுவரில் பட்டால் போதும், தாடை மூடும்போது அது ஆவியாகி, சீலுக்குக் குறுக்கே முடியளவு சந்து ஒன்றை விட்டுச் செல்லும். வெளியிலிருந்து பார்த்தால் சீல் கண்ணாடி போலிருக்கும். மெல்லிய பிளேடால் சீலை நெடுக அறுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், உருகி ஒன்றான வெண்மைக்கு நடுவே பளபளவென்று ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுதான் கசிவு. எனவே துளியைப் பின்னிழுக்கும் பம்பு, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே மேலேறும் ஊசி இரண்டும் வேண்டும். நுரைக்கும் மருந்தானால் திரவ மட்டத்துக்கும் சீலுக்கும் இடையே கூடுதல் இடைவெளி விடுங்கள்.

பணம் கட்டும் முன் நடக்கும் சோதனை ஓட்டத்தில் உங்கள் ஆம்பூலும் உங்கள் மருந்தும் இருக்க வேண்டும். விற்பவரின் ஆம்பூலில் தண்ணீர் நிரப்பிக் காட்டுவது சோதனை ஆகாது. காமா கதிரில் கிருமி நீக்கிய ஆம்பூலைப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் கதிர் பட்ட அதே ஆம்பூலையே கொடுங்கள். கதிர் எல்டிபிஇயின் உருகும் தன்மையைச் சற்றே மாற்றும். வெப்பத்தைப் படிப்படியாகக் குறைத்து, சீல் உரிந்து வரும் கீழ் எல்லையைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஏற்றிக்கொண்டே போய், ஓரம் மெலிந்து வழியும் மேல் எல்லையைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் மேலும் கீழும் 5 டிகிரிகூட இடம் இல்லையென்றால் அந்த இயந்திரம் வேண்டாம். இதை முழு வேகத்தில் செய்ய வேண்டும். வேகம் கூடினால் தாடை அழுத்தும் நேரம் குறையும். மெதுவாக ஓட்டியபோது கிடைத்த இடைவெளி அங்கே காணாமல் போகும்.

"300 ஆம்பூல் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் கசியவில்லை" என்ற அறிக்கையை நம்பி நிறைவடையாதீர்கள். அந்த முடிவைக் கொண்டு கசிவு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். லட்சம் ஆம்பூலில் 1 சதவீதம் என்றால் ஆயிரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்ல உற்பத்தி நடைமுறை விதிகளின் முதலாம் இணைப்பு 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. உருக்கி மூடிய, 100 மி.லி.க்கு மேற்படாத கலன்கள் ஒவ்வொன்றையும் கசிவுச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், கண்ணால் பார்ப்பது அந்தச் சோதனையாகாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆகவே சோதனைக் கருவியையும் சேர்த்தே விலை பேசுங்கள். உயர் மின்னழுத்தச் சோதனை உப்பு நீர் போன்ற மின்கடத்தும் மருந்துக்கு அருமையானது. எண்ணெய் மருந்துக்கு உதவாது. வெற்றிட அழுத்தச் சோதனைக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் நுண்துளையை மருந்தே உலர்ந்து அடைத்துக்கொண்டால் அது ஏமாறும். ஆம்பூல் உப்பிவிடாதபடி அதன் வடிவத்துக்கேற்ற அச்சறையும் தேவைப்படும். நீலச் சாயத்தில் முக்கிப் பார்ப்பதை இயந்திரத்தைச் சீரமைக்கும்போது வைத்துக்கொள்ளலாம். சந்து எந்த இடத்தில் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. சீல் எவ்வளவு உறுதியோ, திருகித் திறக்கும் கழுத்து அவ்வளவு எளிதாக முறிய வேண்டும். தாடையின் சூடு கழுத்துவரை பரவினால் முறியும் கோடு தடித்துவிடும், அல்லது பாதி திறந்து பிசிறடிக்கும். சோதனை ஓட்டத்தில் வந்த ஆம்பூல்களில் ஐம்பதை, கைகள் நடுங்கும் முதியவர் ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் நேரத்தில் நெபுலைசர் ஆம்பூலைத் திறக்கப்போகிற கைகள் பல சமயம் அவைதான்.

இப்படிக்கு,
மருந்து நிரப்பும் பிரிவில் பணியாற்றும் தொழில்நுட்பர்கள்