சாலையில் காயும் உளுந்தும் காருக்கு அடியில் இருக்கும் சூடும்: டெல்டா ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

நான் மன்னார்குடிப் பக்கம் கார் மெக்கானிக். வீட்டில் ஆறு மா நிலமும் இருக்கிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளித்துவிடுவோம். பங்குனியில் பிடுங்கிக் காயவைத்தால், அடிப்பதற்கு எங்கள் ஊரில் களம் இல்லை. அதனால் தார்ச்சாலையில் பரப்பி விடுகிறோம். வண்டிகள் ஏறி ஏறி நெற்று உடைந்து பயறு உதிர்ந்துவிடும். அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான். அப்போது அதன்மேல் ஏறியது பெரும்பாலும் பஸ்ஸும் லாரியும். அவை தரையிலிருந்து நல்ல உயரம். இப்போது கார்கள் ஏறுகின்றன.

போன பங்குனியில் ஒரு கார் என் ஷெட்டுக்கு வந்தது. “அண்ணே, தீயுற வாடை வருது, என்னான்னு பாருங்களேன்” என்றார் ஓட்டி வந்த தம்பி. ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தேன். உளுந்துக் கொடி ஆக்சிலில் கயிறு திரித்த மாதிரி சுற்றியிருந்தது. சைலன்சர் குழாய்க்கும் அதன் சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டுக்கும் நடுவில் ஒரு கத்தை செருகிக்கொண்டு, குழாயைத் தொட்ட பக்கம் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். பின் சீட்டில் அவருடைய பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரின் பின்பக்கக் குழாய் ஓரத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சைலன்சர் அவ்வளவு ஒன்றும் சூடு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது குழாயின் கடைசி முனை, புகை அங்கே வருவதற்குள் ஆறிவிடும். சூடெல்லாம் முன்னால் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினை விட்டு வெளியேறும் புகை, வண்டி பாரத்தோடு வேகமாக ஓடும்போது 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அடுத்து, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். தேன்கூடு போன்ற பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. 250, 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது நச்சுப் புகையை மாற்றத் தொடங்கும். சாதாரண ஓட்டத்திலேயே அதன் உள்ளே 400 முதல் 800 டிகிரி வரை இருக்கும். ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக அடிக்காமல், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் 1000 டிகிரியையும் தாண்டலாம். வெளித் தகடு உள்ளே இருப்பதைவிடக் குறைந்த சூடுதான். ஆனால் காய்ந்த கொடியும் வைக்கோலும் பற்றுவதற்கு ஏறக்குறைய 250, 300 டிகிரி போதும்.

டீசல் புகை பொதுவாகச் சூடு குறைவு. ஆனால் புது டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது அது தானே எரித்துக்கொள்ளும்போது 600 டிகிரி அளவுக்குப் போகும். ஓட்டுகிறவருக்கு அது நடப்பதே பல நேரம் தெரியாது.

ஓடும்போது காற்று அடித்து அடிப்பாகம் கொஞ்சம் ஆறும். டீக்கடையில் நிறுத்தினால் காற்று நின்றுவிடும், சூடு அங்கேயே தங்கும். அதனால் நிறுத்திய பிறகுதான் புகை கிளம்புகிறது. காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தாதீர்கள் என்று கார் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அறுப்பு முடிந்த வயலில், வைக்கோல் கிடக்கிற இடத்தில் திருவிழாவுக்கு வண்டி நிறுத்தச் சொல்கிற ஊர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கூடவே கூடாது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் புது பைக்குகளிலும் அது இருக்கிறது. நாம் மூச்சுவிடும் காற்றுக்காக வைத்தது. மாற வேண்டியது சாலையில் கிடக்கும் கொடி.

அதற்காக விவசாயி மேல் வழக்குப் போட்டுவிடாதீர்கள் ஐயா. களம் இருந்தால் யார் சாலைக்கு வரப்போகிறார்கள்? வெயிலில் நின்று, பிரேக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பதறி விலகி, கொடியைப் புரட்டிப் போடும் பெண்களைப் பாருங்கள். அவர்களுக்கும் இது உயிரைப் பணயம் வைக்கிற வேலைதான்.

ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம் கட்டிக் கொடுங்கள். இருக்கிற களங்களில் வெடித்துக் கிடப்பவற்றைப் பூசிக் கொடுங்கள். வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு இயந்திரங்கள் தருகிறது. உளுந்து அடிக்கும் இயந்திரமும் பங்குனி, சித்திரையில் ஊர் ஊராக வரட்டும். அதுவரை, கொடி பரப்பும் சாலைகளில் ஒரு பலகை வையுங்கள்: “கொடி மேல் ஏறியிருந்தால், நிறுத்தியதும் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்.”

இது தை மாதம். எங்கள் வயலில் உளுந்து இப்போதுதான் முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. பிடுங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர்